முரலும் பெட்டி

எதிர்வீட்டு நாய் குரைப்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் நீராடித் திருநீறு அணிந்து, சன்னலோரம் அமர்ந்து வழக்கமான பதிகங்களை ஓதி முடிக்கும் வேளையில் அது பனி மூடிய புல்தரையின் விளிம்பில் வந்து நிற்கும். முன்கால்களை ஊன்றிக் கழுத்தை உயர்த்தி வாயைத் திறந்து திறந்து மூடும். இரட்டைக் கண்ணாடிக்கு அப்பால் நிகழும் அந்தக் குரைப்பு என்னை வந்து அடைவதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கரை தெரியாத ஓர் ஏரியின் ஓரத்தில் உள்ள இந்தச் சிற்றூருக்கு மகனோடு வாழ வந்த புதிதில், என் செவிதான் மங்கிவிட்டது என்று எண்ணி அஞ்சினேன். மருத்துவர் சோதித்துப் பார்த்து வயதுக்கு நல்ல செவி என்றார். பிறகுதான் விளங்கியது. இங்கே ஒவ்வொரு வீடும் தன் ஒலியைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறது.

ஆரணியில் ஒலி எவருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. பக்கத்து வீட்டுத் தறி மிதிபடும்போது பொதுச்சுவர் வழியாக எங்கள் மாடத்துப் பித்தளைச் செம்பு மெல்ல அதிரும். செய்யாருக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் ஆரன் எங்கள் கூடத்தில் வந்து விழும். அந்த இரைச்சலின் மேல்தான் நாங்கள் பேசினோம், வழிபட்டோம், சண்டையிட்டோம். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இயல்பாகவே தொண்டை கொஞ்சம் உரத்தது. அந்தத் தொண்டையோடு இந்த அமைதிக்குள் வந்து நின்றபோது, முதலில் வாயடைத்துப் போனவள் என் மனைவி கோமதி.

கோமதி இசை பயின்றவள் அல்லள். சுருதி எத்தனை கட்டை, என்ன தாளம் என்று கேட்டால் சிரிப்பாள். ஆயினும் எங்கள் தெருச் சிவன் கோயிலில் மார்கழி விடியலில் பாடும் பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் முதற்குரல். அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் தொடர்வார்கள். இங்கு வந்து இரண்டு மார்கழி கழிந்தும் அவள் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. விளக்கேற்றுவாள், கைகூப்புவாள், உதடு அசையும், அவ்வளவுதான். குளிர் தொண்டையைக் கட்டியிருக்கும் என்று நினைத்து மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

"தொண்டைக்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள். "வாய தொறந்தா சத்தம் சுவத்துல போயி முட்டிகினு திரும்பி என் மூஞ்சிக்கே வருது. புடிச்சிக்க ஒண்ணுமே இல்ல."

எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பட்டு வியாபாரத்தில் ஆயுளைக் கழித்தவன் நான். அதற்கு அடுத்தபடி எனக்குத் தெரிந்தது அருளாளர்களின் பதிகங்கள். பதிகத்தின் முதலடியைச் சொன்னால் அதன் பண்ணையும் தலத்தையும் சொல்வேன். ஆனால் என்னோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவள் எதைப் பிடித்துக்கொண்டு அத்தனை ஆண்டுகள் பாடினாள் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

தொண்ணூறுகளின் மார்கழிகள் நினைவுக்கு வருகின்றன. கோயிலில் ஓர் ஆர்மோனியம் இருந்தது. எலி துருத்தியைக் கடித்த பிறகு அது மூலையில் சாய்ந்துவிட்டது. மைக் செட் மட்டும் தவறாமல் வரும். கொண்டுவருபவர் காதர் பாய். ஆரணியில் மட்டுமன்றித் தேசூர்த் திருவிழா வரைக்கும் அவருடைய கூம்பு ஸ்பீக்கர்கள்தான். இருள் பிரியாத வேளையில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து, ஆம்ப்ளிஃபயரை மண்டபத்துத் தூணோரம் வைத்துச் சுவிட்சைத் தட்டுவார். சற்று நேரம் ஒன்றும் நிகழாது. பிறகு கண்ணாடி வால்வுகள் செம்மை கொள்ளும். கோபுரத்தில் கட்டிய கூம்புகளிலிருந்து ஒரு முரலல் எழும். வண்டுக் கூட்டம் ஒன்று எங்கோ விழித்துக்கொண்டது போல. எனக்கு அது ஒரு பழுது. காதர் பாயிடம் பலமுறை முறையிட்டிருக்கிறேன்.

"பாய், இந்த ஊங்குன்னு வர்ற சத்தத்த நிறுத்தக் கூடாதா?"

"அது செட்டு மூச்சு வுடறது ஐயா. மூச்ச நிறுத்தினா செட்டு மவுத்தாயிடும்," என்பார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "அம்மா, ஜல்தி! கரண்ட் போறதுக்குள்ள ரெண்டு பாட்டாவது ஆவட்டும்," என்று விரட்டுவார்.

கோமதி முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொள்வாள். மைக்கின் முன் ஒருமுறை தொண்டையைச் செருமுவாள். அந்தச் செருமல் கோபுரத்தின் மேலிருந்து ஊர் முழுவதற்கும் கேட்கும். அடுத்த கணம் பாட்டு. எத்தனையோ விடியல்கள் நான் அங்கே கண்மூடி நின்றிருக்கிறேன். குரலுக்கும் முரலலுக்கும் இடையே ஒரு நூலிழைகூடப் பிசகு இருந்ததில்லை என்பதைக் கேட்டும் கேளாதவனாக இருந்தேன்.

மகன் வேலவன் நல்லவன். தாய் பாடாமல் இருப்பதை அவனும் கவனித்திருந்தான். முதலில் சென்னையிலிருந்து மின்சாரச் சுருதிப்பெட்டி ஒன்றை வரவழைத்தான். "யாரோ மூக்கால அழுவுற மாதிரி கீதுடா," என்று கோமதி அதைத் துணி சுற்றி வைத்துவிட்டாள். அடுத்துக் கூடத்தின் நான்கு மூலைகளிலும் ஸ்பீக்கர் வைத்த ஹோம் தியேட்டர் ஒன்றை வாங்கினான். ஓதுவார் ஒருவரின் பதிக சி.டி.யை அதில் இட்டோம். தூய ஒலி, குறை சொல்ல இடமில்லை. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அந்த அமைப்பு முற்றாக இறந்துபோனது. மூச்சே இல்லை. கோமதி முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"அவரு நல்லா பாடறாரு. நடுவுல நான் எதுக்கு?"

அந்த ஐப்பசியில்தான் அவள் தன் முடிவைச் சொன்னாள். நான் இங்கே இதய அறுவைக்கு உட்பட்டவன். மருத்துவரை விட்டு விலகக் கூடாது என்ற கட்டளையோடு வாழ்பவன். ஊருக்குத் திரும்புவது எனக்கு இனி இல்லை. இதை நன்கறிந்தே அவள் சொன்னாள்.

"இந்த மார்கழிய பார்க்கறேன். இதுலயும் வாய் தொறக்கலைன்னா என்ன ஊருக்கு அனுப்பிடுங்க. சேத்துப்பட்டுல தங்கச்சி வூட்ல இருந்துக்கறேன்."

"அப்ப நான்?"

"உங்களுக்கு இங்க டாக்டரு கீறாரு, புள்ள கீறான். எனக்கு இன்னா கீது, சொல்லுங்க?"

அடியார்க்கு இறைவன் எங்கும் உளன் என்று பிறர்க்கு எடுத்துரைத்தவன் நான். அவளிடம் அதைச் சொல்ல நாக் கூசியது. அவளுக்கு இறைவன் எங்கும் இருந்தான். அவனைக் கூப்பிடத்தான் குரல் இல்லை.

பழைய ஆம்ப்ளிஃபயர் என்ற எண்ணம் வேலவனின் அலுவலகத்திலிருந்து வந்தது. "அப்பா, அந்தக் கால வால்வு செட்ல மனுஷக் குரல் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்குமாம். ஒருத்தர் பழசு வாங்கி ரிப்பேர் பண்ணி விக்கறார். போய்ப் பாக்கலாமா?" என்றான். பக்கத்தில் அமர்ந்து ஒருவர் பாடினால் கோமதியும் சேர்ந்து பாடக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. அவளையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம்.

இருப்புப்பாதைக்கு அப்பால் ஒரு பழைய கிடங்கு. அதன் உரிமையாளர் ஹென்றிக் என்னும் முதியவர். போலந்திலிருந்து இளமையில் வந்தவராம். அலமாரி அலமாரியாக ஆம்ப்ளிஃபயர்கள். தூசி இல்லை, பலகைகளில் மெழுகு மணம். என் சந்தனப் பொட்டையும் கோமதியின் பட்டுப் புடவைக்கு மேலிருந்த ஆண்கள் குளிர்ச்சட்டையையும் பார்த்துவிட்டு, அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். எங்களுக்கு என்ன வகை இசை என்று கேட்டார். நான் என் ஆங்கிலத்தில், "கடவுளுக்கு உரிய இசை," என்றேன். அவர் தலையசைத்து உள்ளே போய்த் தேவாலய ஆர்கன் இசைத்தட்டு ஒன்றை எடுத்துவந்தார். அதைத் தடுத்து என் சி.டி.யைக் கொடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

முதலில் வைத்தது எழுபதுகளின் டிரான்சிஸ்டர் செட். வெள்ளி முகம், நீல வெளிச்சத்தில் மிதக்கும் முள். திருகும் குமிழ்கள் தேர்ச் சக்கரம்போல் கனத்து நிதானமாகச் சுழன்றன. ஒலி மார்பில் வந்து இடித்தது. ஓதுவார் பத்தாள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டார். வேலவனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அடுத்தது இங்கிலாந்தில் செய்த சிறிய வால்வு செட். தேன் வண்ண மரப்பெட்டி. குரல் குழைந்து வந்தது. குழைவு சற்று மிகுதி. சொல்லின் ஓரங்கள் தேய்ந்திருந்தன.

பட்டைக் கண்ணால் மட்டும் பார்ப்பவன் ஆரணியில் வியாபாரி அல்லன். புடவையின் ஓரத்தைக் கைப்பிடிக்குள் கசக்கிக் காதருகே கொண்டுபோவோம். நல்ல பட்டு காய்ந்த பனி மிதிபடுவதுபோல் ஒரு முனகல் கொடுக்கும். கலப்பு நூல் வாய் திறக்காது. அந்தப் பழக்கத்தில், பாட்டு ஓடும்போது கேட்பதைவிட அது நின்ற பிறகு கேட்பதில் என் கவனம் போயிற்று. வெள்ளிமுகம் பாட்டு முடிந்ததும் வாயை மூடிக்கொண்டது. மரப்பெட்டியும் அப்படியே. எனக்கு எதையும் முடிவு செய்யத் தோன்றவில்லை. கோமதி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, வேறு யாருக்கோ பெண் பார்க்க வந்தவள்போல் அமர்ந்திருந்தாள்.

மூன்றாவதை ஹென்றிக் காட்ட விரும்பவில்லை. பணிமேசையின் கடைசியில் மூடியற்ற சாம்பல்நிற இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. பழைய நடனக்கூடம் ஒன்றில் பணிசெய்ததாம். வால்வுகள் வெளியே வரிசையாக நின்றன. கருவறைக்கு வெளியே சரவிளக்கு நிற்பதுபோல. அதைக் கேட்க வேண்டும் என்று நான்தான் சைகை காட்டினேன். வேலை முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். சி.டி.யை அவர் மாற்றுவதற்குள் வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஸ்பீக்கர்களின் அடியிலிருந்து ஒரு முரலல் எழுந்தது. முதலில் இல்லாததுபோல், பிறகு இருப்பதுபோல், பிறகு எப்போதுமே இருந்ததுபோல்.

நான் கோமதியைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குளிர்ச்சட்டையின் பொத்தானைத் தானறியாமல் கழற்றி, உள்ளிருந்து முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்தினாள். ஒருமுறை செருமினாள்.

அவள் பிடித்துக்கொண்டு பாடியது எது என்று அந்தக் கிடங்கில், அந்தக் கணத்தில் அறிந்தேன். அவளுக்கு முரலல் என்பது மைக் திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஊர் காத்திருக்கிறது, சந்நிதி செவி சாய்த்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அது எழுந்தால்தான் பாடவேண்டும். எழவில்லையென்றால் எவருமே கேட்கவில்லை என்று பொருள்.

ஹென்றிக் பதறிப்போய் அணைக்க ஓடினார்.

"ஆஃப் பண்ண வேணாம்னு சொல்லுடா அவர்கிட்ட," என்றாள் கோமதி.

"அம்மா, அது ரிப்பேர் செட்டும்மா."

"இருக்கட்டும்டா. சொல்லு."

ஹென்றிக் மன்னிப்புக் கேட்டார். உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது, அதனால்தான் இந்த 'ஹம்', அடுத்த வாரத்தில் நீக்கிவிடுவேன் என்றார். நீக்க வேண்டாம், இந்த ஒலிதான் எங்களுக்கு வேண்டும் என்றேன். ஆமாம், இந்த ஒலியைத்தான் நீக்கப் போகிறேன் என்றார். இருவரும் ஒரே வாக்கியத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். இறுதியில் என் செவியைப் பற்றி அவருக்கு ஐயம் வந்துவிட்டது. வேலவனிடம் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டார். பிறகு என் காதருகே குனிந்து உரத்த குரலில், "திஸ் இஸ் பேட் நாய்ஸ்!" என்றார்.

"எஸ். பேட் நாய்ஸ். வெரி குட்," என்றேன்.

அவர் கையை விரித்துவிட்டார். வண்டியில் ஏற்றும்போதும், பழுதுள்ள ஒன்றைக் கொடுக்கிறேனே என்ற வருத்தம் அவர் முகத்தைவிட்டு நீங்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கே வந்து சரிசெய்வேன் என்று வாக்களித்துக் கையைப் பற்றிக் குலுக்கினார்.

நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைக் கூடத்தில் நிறுவினோம். கோமதி சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்தாள். "அம்மா, வால்வு மேல வெக்காத, சூட்டுல வெடிச்சிடும்!" என்று வேலவன் அலறியதால் பொட்டு இரும்பு நெற்றிக்கு இடம் மாறியது. மார்கழி பிறந்தது. முதல் விடியலில் வெளியே பனி ஒலியின்றிப் பெய்துகொண்டிருக்க, அவள் சுவிட்சைப் போட்டு, முரலல் எழும்வரை காத்திருந்து, வாய் திறந்தாள். நான் பூசை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் குரல்! ஆனால் பாட்டு மேலே ஏறி இறைவனை விளிக்கும் இடத்தில் அது இரண்டாகப் பிளந்தது. அவள் நிறுத்தினாள். மீண்டும் தொடங்கினாள். மீண்டும் அதே இடம். மறுநாளும் அதுவே. கழுத்து நரம்புகள் புடைத்து, கண்ணில் நீர் தளும்ப, எட்டாத கிளையை எட்டுபவளைப்போல் எட்டி எட்டி விழுந்தாள். அதற்கு அடுத்த நாள் பெட்டியைப் போடவே இல்லை.

"குரல் போச்சுங்க," என்றாள். "குடுத்தவரே வாங்கிகினாரு. விடுங்க."

அன்று மாலை மாடியிலிருந்து பயணப்பெட்டியை இறக்கிவைத்தாள். உணவுமேசைக்கும் கூடத்துக்கும் நடுவே அது நின்றது. எல்லாரும் அதைச் சுற்றி நடந்தோம். அவள் இல்லாத வீட்டில் அந்த முரலல் மட்டும் என்னோடு தங்கும் என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை. ஹென்றிக்குக்குத் தொலைபேசியில் சொன்னேன்: வந்து அந்த ஒலியை நீக்கிவிடுங்கள். அவர் குரலில் அத்தனை நிம்மதி. சனிக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார்.

வெள்ளி மாலை வேலவன் ஹென்றிக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று பெட்டியைத் திருப்பி வைத்தான். பின்புறத்தில் ஒரு சிறு தகடு. அதைப் படித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னான்: "இந்த செட்ட ஊருக்கு எடுத்துட்டுப் போனாகூட அங்க சரிவராதுப்பா. இங்க கரண்ட் வினாடிக்கு அறுபது தடவ துடிக்குது. நம்ம ஊர்ல அம்பது தான்."

"துடிக்கறதுன்னா?"

"அந்தத் துடிப்புதான்பா இந்த ஹம்மா கேக்குது."

அவன் அடுக்களைப் பக்கம் போய்விட்டான். நான் அந்தத் தகட்டின்முன் நெடுநேரம் நின்றேன். துடிப்பு மிகுந்தால் சுருதி ஏறும். காதர் பாயின் பெட்டி எங்கள் ஊர் மின்சாரத்தின் சுருதியில் முரன்றது. அதுவே கோமதியின் தொண்டைக்கு வாகான ஐந்து கட்டை. இந்தப் பெட்டி இந்த நாட்டின் சுருதியில் முரல்கிறது. கிட்டத்தட்ட ஏழு கட்டை. அவள் ஊரில் செய்ததுபோலவே முரலலை நம்பி அதிலேயே காலை ஊன்றி ஏறினாள். குரல் போகவில்லை; அவளறியாமல் படிக்கட்டைத்தான் உயர்த்தி வைத்திருந்தார்கள்.

அவளிடம் ஓடினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இயன்றவரை எளிதாகச் சொன்னேன்.

"கரண்டுக்குக் கூடவா ஊரு வேற வேற?" என்றாள். கை நின்றது. "அப்ப என் தொண்ட நல்லாதான் கீதா?"

"நல்லாத்தான் இருக்கு."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஏறி, உடனே தணிந்தது. "நல்லா இருந்து இன்னா பிரயோசனம்? இந்த ஊரு கரண்ட யாரு எறக்குவாங்க? நம்ம ஊரு செட்டு, நம்ம ஊரு கரண்டு. அங்க போனாதான் எனக்குப் பாட்டு." ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தாள். "நாளைக்கு அந்த ஆளு வந்து எடுத்துடுவாரா?"

"எடுத்துடுவார்."

உண்மையை அறிந்துகொண்டதால் என் நிலை முன்னைவிட மோசமாயிற்று. அவள் ஊருக்குப் போவதற்கு இப்போது காரணம் இன்னும் வலுவாக இருந்தது. குரல் போனவள் இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும் ஒன்றே. குரல் இருப்பவளை இந்த வீட்டில் நிறுத்தி வைக்க எனக்கு என்ன உரிமை?

சனிக்கிழமை விடியலில் நான் எழுந்தபோது கூடத்தில் வால்வுகளின் செவ்வொளி இருந்தது. கோமதி பெட்டியின் முன், தரையில், சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். முந்தானையைப் போர்த்தவில்லை; செருமவில்லை. விடைபெற வந்தவரோடு கடைசியாக ஒருமுறை உட்கார்ந்திருப்பவர்போல் இருந்தாள். முரலல் கூடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. அவள் பாடத் தொடங்கியது எனக்கு உடனே தெரியவில்லை. அடுப்படியில் வேலையின் நடுவே தனக்குத்தானே முனகிக்கொள்வாளே, அந்த அளவுக்குத் தாழ்ந்த குரல். முரலலோடு அது சேரவில்லை. ஆனால் முரணவும் இல்லை. அதற்குக் கீழே எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டு, பாட்டின் போக்கில் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் முரலலைத் தொட்டுவிட்டு இறங்கியது. வரி தோறும் குரல் திறந்தது. விளிக்கும் இடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் ஏறினாள், நின்றாள், நீட்டினாள், பிளவு இல்லை.

நம் பழந்தமிழ் இசையில் அடிநிலையாகிய சுரத்தைக் குரல் என்பர். அதிலிருந்து நான்காவதை உழை என்பர். ஊரில் முரலல் அவளுக்குக் குரலாக இருந்தது. இங்கே தன் அடிநிலையை அதற்கு மூன்று படி கீழே வைத்து, அவள் அதை உழையாக்கிக்கொண்டாள். எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளுக்கு அந்தப் பெயர்களும் தெரியா. இந்த நாட்டின் சுருதியில் குடியேற முடியாது என்று அறிந்தபின், அதன் நிழல் விழும் தூரத்தில் தனக்கென்று ஓர் இடத்தைத் தேடி உட்கார்ந்துகொண்டாள்.

மணி அடித்தது. வேலவன் கதவைத் திறந்தான். கருவிப்பையோடு நின்ற ஹென்றிக் உள்ளே ஓர் அடி வைத்தவர் அப்படியே நின்றார். காலணியை ஓசையின்றிக் கழற்றினார். பனி உருகி அவர் தோளிலிருந்து சொட்டியது. பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து மெல்ல, "வேறு பெட்டி வாங்கிவிட்டீர்களா?" என்றார்.

"அதே பெட்டிதான்."

"ஹம் இருக்கிறதே?"

"இருக்கிறது."

அவர் பெட்டியையும் கோமதியையும் மாறி மாறிப் பார்த்தார். பணியைத் தொடங்கலாமா என்ற கேள்வியோடு கருவிப்பையைச் சற்று உயர்த்திக் காட்டினார். கோமதிக்குப் புரிந்துவிட்டது. எழுந்தாள்.

"வேணாம்னு சொல்லுங்க," என்றாள் என்னிடம். "அது அங்கயே நிக்கட்டும். நான் கொஞ்சம் கீழ நின்னுக்கறேன்."

இதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? வேண்டாம், நன்றி என்று மட்டும் சொன்னேன். மாலையில் வேலவன் பயணப்பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போனான், அவள் தடுக்கவில்லை. ஹென்றிக்குக்கு அன்று கிடைத்தது வெண்பொங்கல்தான். மிளகைக் கடித்துக் கண் கலங்கி, மிக நல்ல உணவு என்றார். போகும்போது, அடுத்த வாரம் வந்து அந்தப் பழுதை இலவசமாக நீக்கித் தருவதாக மீண்டும் சொன்னார். இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆரணியிலிருந்து இதைப் படிக்கும் அன்பர்களுக்கும், என்போல் எங்கெங்கோ குளிரில் வாழும் உறவுகளுக்கும் நான் சொல்லக்கூடியது மிகக் குறைவு. மார்கழி முடிந்து தை பிறந்து பனி உருகிய பின்னரும் அவள் நாள்தோறும் அந்தப் பெட்டியின்முன் அமர்கிறாள். நான் அருகில் அமர்ந்து கேட்கிறேன். வால்வுகள் சிவந்ததும் இந்த மண்ணின் முரலல் எழுந்து கூடத்தின் நடுவில் நிற்கிறது, எல்லாருக்கும் கேட்கிறது. அவள் காலூன்றி நிற்கும் அடிச்சுரம் அதற்குக் கீழே இருக்கிறது. இந்த வீட்டில் எந்தப் பெட்டியும் அதை ஒலிக்கவில்லை. எந்தக் கம்பியிலும் அது வரவில்லை. பாட்டில் அவள் அந்த இடத்துக்கு இறங்கி வந்து நிற்கும் கணங்களில் மட்டும், அது இருக்கிறது.